‘வராது’ என்று எழுதிய இடம்

பெரியவளுக்கும் சின்னவனுக்கும் அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நடுவில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கறியில் காரம் அதிகம் என்று கோபித்துக்கொண்டேன் என உங்கள் அம்மா நினைத்தாள். காரணம் அதுவல்ல. பெரியவள் தன் காலேஜ் ப்ராஜெக்டை லேப்டாப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். அதில் ஓர் இடத்தில் ஏதோ வேடிக்கையாக எழுதியிருந்தது. இது என்னம்மா என்று கேட்டேன். "அது ஒண்ணுமில்லப்பா. புரோகிராம் அந்த எடத்துக்கு வரவே வராது. சும்மா எழுதி வெச்சேன்" என்றாள். அதைக் கேட்டுத்தான் எழுந்து போனேன்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படிப்போடு நின்றவன் நான், எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

ஒரு பெண்மணியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை. கேட்க எனக்கு முகமில்லை.

பீன்யாவில் எங்கள் கம்பெனியில் லிஃப்டை ஓட்டுகிற எலக்ட்ரானிக் போர்டு செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அதை மாட்டுகிறவன், ரிப்பேர் பார்க்கிறவன். அவர் அந்தப் போர்டுக்குள் ஓடுகிற புரோகிராமை எழுதுகிறவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து, சிட்டி ஸ்டேஷனில் இறங்கி, மெட்ரோ பிடித்து பீன்யா வருவார். நேரில் எல்லோரும் மேடம் என்போம். அவர் இல்லாதபோது ‘இன்னா செஞ்சுது மேடம்’. அந்தப் பெயர் என்னால்தான் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓர் அபார்ட்மெண்டில் லிஃப்ட் நின்றுவிட்டது. மொட்டை மாடியில் மெஷின் ரூமிலிருந்து ஆபீசுக்கு போன் போட்டேன்.

"மேடம், போர்டு போயிடுச்சு."

"எங்கணா போச்சு?"

"எங்கயும் போல மேடம். போயிடுச்சு. வேலை செய்யல."

"வேலை செய்யலன்றது அது செய்யாதது. இன்னா செஞ்சுது, அதச் சொல்லுங்க."

"ஒண்ணுமே செய்யல."

"லைட்டு எரியுதா?"

"எரியுது."

"அப்ப ஒரு வேலை செய்யுது. வேற? சத்தம் வருதா? எத்தினி தடவ? எண்ணிச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

இருபது நிமிஷம் இப்படி. வெயிலில் தலை காய்கிறது, கீழே செக்ரெட்டரி கத்துகிறார், இவர் என்னை எண்ண வைக்கிறார். கடைசியில் காரணம் என் வாயிலிருந்தே வந்தது. எலி ஒரு ஒயரைக் கடித்திருந்தது. "பாத்தீங்களாணா, போர்டு எங்கயும் போல" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று மாலையே இந்தக் கதையைக் கேன்டீனில் நடித்துக் காட்டினேன். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் பேச்சே அப்படித்தான். நல்லா இருக்கீங்களா மேடம் என்று போகிற போக்கில் கேட்டால், நின்று பதில் சொல்வார். "எடது தோள்பட்ட ரெண்டு நாளா வலி. மத்தபடி நல்லாதான் இருக்கேன்." திங்கட்கிழமை காலையில் ஸ்டூல் போட்டு ஏறி ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்வார். போர்டுக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. அது மூன்று நிமிஷம் பிந்தினாலும் அவருக்குத் தூக்கம் வராது. ரயில் ஸ்டேஷனுக்கு வெளியே நின்றால் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று பேப்பர் ஓரத்தில் குறித்துக்கொள்வார். எதுக்கு மேடம் என்று கேட்டேன். "யாராச்சும் கேட்டா சொல்லணும்ல." யாரும் கேட்டதில்லை.

லாக் என்றால் என்ன என்று அவர்தான் எனக்குப் புரிய வைத்தார். போர்டு ஓடும்போது, நடந்ததை எல்லாம் உள்ளே வரிவரியாக எழுதிக்கொண்டே வரும். மணி இத்தனை, இரண்டாம் மாடி, கேட் மூடியது. மணி இத்தனை, மோட்டார் சூடு. அதுதான் லாக். புரோகிராம் எழுதுகிறவர்கள், எங்கே தடுக்கி விழும் என்று முன்கூட்டியே யோசித்து, விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். சிலர் அவசரத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால், தடுக்கி விழுந்தது யாருக்கும் தெரியாது. புரோகிராம் பாட்டுக்கு மேலே ஓடும். இதை அவர் ‘வாயப் பொத்துறது’ என்பார். சனிக்கிழமை தோறும் காலையில் முதல் வேலையாக, கம்பெனியின் எல்லாப் புரோகிராமிலும் காலியாக விட்ட இடம் இருக்கிறதா என்று தேடுவார். கிடைத்தால் எழுதியவர் பெயரோடு அச்செடுத்து அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். திட்டமாட்டார். அது திட்டுவதைவிட மோசம். இரண்டு மாதத்தில் பதினொரு தாள் வாங்கிய ஒருவர், பன்னிரண்டாவது வந்த அன்று மத்தியானமே பையை எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வரவில்லை. நான் அவருக்காக வருத்தப்பட்டு மேடத்திடம் சொன்னேன்.

"ஆளு மேல எனக்குக் கோவம் இல்லணா."

"பேரு போட்டு வெச்சா அப்படித்தானே மேடம் இருக்கும்?"

யோசித்தார். "பேரு போடலன்னா அது யார்னு எல்லாரும் எல்லாரையும் பாப்பாங்க. அது இன்னும் மோசம்."

இதெல்லாம் உங்களுக்கு எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்கும், சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஒண்ணும் நடக்கலணா. இதான் வேலை" என்றார்.

உங்கள் தாத்தா இறந்தபோது அவர் ஒக்கலிபுரத்தில் நம் வீட்டுக்கு வந்தார். பெரியவளுக்கு ஞாபகம் இருக்கலாம். வந்தவர்கள் எல்லாம் மனசத் தேத்திக்குங்க, நம்ம கையில என்ன இருக்கு என்று சொல்லிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் நேராக என் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எத்தினி மணிக்குமா?" என்று கேட்டார். "அதுக்கு முன்னாடி இன்னா கேட்டாரு? தண்ணியா? யாரையாச்சும் பேர் சொல்லிக் கூப்டாரா?" சொந்தக்காரர்கள் முறைத்தார்கள். என் அத்தை ஒருத்தி என்னைத் தனியே கூப்பிட்டு, யாருடா இது போலீஸ்காரி மாதிரி என்றாள். ஆனால் மூன்று நாளாக வாயே திறக்காத அம்மா ஒரு மணி நேரம் பேசினாள். தாத்தா கடைசியாக ரஸ்க் கேட்டதையும், சர்க்கரை என்று தான் கொடுக்காமல் விட்டதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். சொல்லி அழுதாள். அந்த ஒரு நாளுக்காக நான் அவருக்கு வாழ்நாள் முழுதும் கடமைப்பட்டவன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, சிவாஜிநகரில் ஒரு துணி குடோனில் விபத்து நடந்தது. சரக்கு லிஃப்ட். எங்கள் போர்டு. ஏழுமலை என்று ஒருவர், அங்கே மூட்டை தூக்குகிறவர், வேலூர்ப் பக்கத்து ஆள், துணி மூட்டையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கேட் திறந்திருக்கும்போதே லிஃப்ட் மேலே கிளம்பிவிட்டது. இடது பாதம் போய்விட்டது.

மறுநாள் காலையில் அந்தப் போர்டைக் கழற்றி ஆபீசுக்குக் கொண்டுவந்தேன். முதலாளி அறையில் நாங்கள் மூன்று பேர். மேடம் லேப்டாப்பில் மாட்டி லாக்கைப் படித்தார். கடைசி இரண்டு நாள் வரிகள்தான் இருந்தன. பழையது தானாக அழிந்து புதியது வரும். அந்த இரண்டு நாளில் ஆறு இடத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. ஆங்கில எழுத்தில் வி, ஏ, ஆர், ஏ, டி, யு. முதலாளி இந்திக்காரர், அவருக்குப் புரியவில்லை. அங்கே இந்தியில் பேசியதைத்தான் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன வார்த்தைம்மா இது?"

மேடம் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார். பிறகு, "வராதுன்னு சார். தமிழ். நான்தான் எழுதுனேன்" என்றார்.

விளக்கமும் சொன்னார். கேட்டில் இரண்டு காண்டாக்ட். ஒன்று மூடியிருக்கிறது என்று சொல்லும், இன்னொன்று திறந்திருக்கிறது என்று சொல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் ஆமாம் என்று சொல்ல முடியாது. முதல் போர்டு செய்த காலத்தில், சாயங்காலமே சரக்கு போயாக வேண்டும் என்று முதலாளி பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வது என்கிற இடத்தில், இது எங்க வரப்போவுது என்று ‘வராது’ என அடித்துவிட்டு, பிறகு வந்து சரியாக எழுதலாம் என்று அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார். லிஃப்டை நிறுத்து என்று எழுதவில்லை. பஞ்சும் தூசியும் சேர்ந்து ஒரு காண்டாக்ட் ஒட்டிக்கொண்டதும் வராதது வந்தது. போர்டு திரையில் அந்தச் சொல்லைக் காட்டியது. காட்டிவிட்டு, லிஃப்டை ஓட்டியது.

"வாரா வாரம் தேடுறியேம்மா. இது எப்படித் தப்பிச்சுது?" என்றார் முதலாளி.

"காலியா இருக்கறத மட்டும்தான் சார் தேடுனேன். இதுல ஒரு வார்த்த இருந்துச்சு."

அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. சட்டைப் பையில் வைத்திருந்தது இல்லை என்று தெரிந்தவரைப் போல, தன் மேலேயே கை வைத்துத் தேடுகிற முகம்.

முதலாளி கெட்டவர் இல்லை. எண்பது பேருக்குச் சோறு போடுகிறவர். "எல்லாப் போர்டுலயும் மாத்திடுவோம். இன்னிக்கே. இத மட்டும் க்ளீன் பண்ணி வெச்சிடு. குடோன்காரங்க, அந்த ஆளே கேட்டுல கட்டய வெச்சு நிறுத்தினான்னு சொல்றாங்க. நாம எதுக்கு நடுவுல போகணும்?"

"மாத்துறேன் சார். இது இப்படியே இருக்கட்டும்." போர்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார். சர்வீஸ்காரன் சாவி போட்டு ரீசெட் செய்தால் அது மட்டும் தனியாக, அழியாத இடத்தில் பதிவாகும்.

"அண்ணா, மூணு வாரம் முன்னாடி உங்க சாவி. நீங்க போனப்ப ஸ்கிரீன்ல இன்னா இருந்துச்சு?"

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்ல மேடம். கேட்டு டைட்டா இருக்குன்னாங்க. எண்ணெ போட்டுட்டு வந்துட்டேன்."

அவர் அதை அப்படியே டைப் செய்தார். வாய்விட்டுப் படித்தார். "சர்வீஸ் ஆள் சொன்னது: ஒண்ணும் இல்ல. சரியாணா?"

"சரி மேடம்."

பிள்ளைகளே, அது பொய். அன்று குடோனில் திரையில் அந்தச் சொல் இருந்தது. லிஃப்ட் ஆபரேட்டர் மஞ்சண்ணா கன்னடக்காரர். அவர் என்னைக் கூப்பிட்டு, "வரதி பர்த்தா இதெ சார், ஏனது?" என்று கேட்டார். வரதி வந்துகொண்டிருக்கிறது, என்ன அது என்றார். வரதி என்றால் ரிப்போர்ட் என்று பள்ளியில் கன்னடம் படித்த உங்களுக்குத் தெரியும். மெஷின் ஏதோ ரிப்போர்ட் கொடுக்கிறது, கடைசி எழுத்தை மட்டும் தப்பாக அடித்துவிட்டார்கள் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நான் தமிழன். எனக்குப் படித்த உடனே புரிந்தது. எவனோ நம்ம ஆள் வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறான் என்று சிரித்தேன். "ஏனில்ல பிடி", ஒன்றுமில்லை விடுங்கள் என்று அவர் தோளைத் தட்டிவிட்டு, சாவி போட்டு ரீசெட் செய்தேன். திரை காலியானது. சர்வீஸ் தாளில் ஓகே என்று எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கினேன். ஊரில் அந்தச் சொல்லின் அர்த்தம் புரியக்கூடிய ஆள் ஒருவன் அதன் முன்னால் நின்று, சிரித்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தான்.

அந்த வாரமே மேடம் குடோனுக்குக் கிளம்பினார். என்னையும் வரச் சொன்னார். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கறிக்கடைச் சந்து வழியாக நடந்தோம். மஞ்சண்ணா எங்களைப் பார்த்ததும் அழுதார். அழுதுகொண்டே, ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். ரிப்போர்ட் வருகிறதே, யாராவது கேட்பார்கள் என்று, அந்தச் சொல் வந்த ஒவ்வொரு முறையும் தேதி, மணி போட்டுக் கன்னடத்தில் எழுதி வைத்திருந்தார். ஒன்றரை மாதம். ஒரு நாள் விடாமல்.

மேடம் நின்றபடியே பக்கம் பக்கமாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. நோட்டை என்னிடம் நீட்டினார்.

"கன்னடம் படிப்பீங்க இல்லணா?"

"படிப்பேன் மேடம்."

"அப்ப படிங்க."

‘தமிழ் மெக்கானிக் பந்து, நோடி, நக்கரு. ஏனில்ல அந்தரு.’ வந்தார், பார்த்தார், சிரித்தார், ஒன்றுமில்லை என்றார். பக்கத்தில் மணி. பதினொன்று நாற்பது.

மஞ்சண்ணா என்மேல் புகாராக அதை எழுதவில்லை. நடந்ததை எழுதியிருந்தார், அவ்வளவுதான். மேடம் எல்லாப் பக்கங்களையும் போனில் படமெடுத்தார். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது நான்தான் வாயைத் திறந்தேன்.

"மேடம், சார் முன்னால எப்படி... வேலைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்குது."

"அத எழுதாம விட முடியாதா?"

"உங்களப் பத்தி நான் ஒண்ணும் எழுதலணா. நீங்க சொன்னத எழுதுனேன். நோட்டுல இருக்கறத எழுதுவேன். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். நீங்க மாத்திச் சொல்லணும்னா சொல்லலாம். மாத்திச் சொன்னீங்கன்னும் எழுதுவேன். முன்ன சொன்னத அடிக்க மாட்டேன்."

"ஏன் மேடம், அடிச்சா என்ன?"

"அடிச்சா நீங்க மொதல்லயே சொன்ன மாதிரி ஆயிடும். அது நடக்கலல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அப்பா செத்தபோது வீட்டுக்கு வந்து உட்கார்ந்த அதே ஆளா இது என்று தோன்றியது. அதே ஆள்தான். அன்றைக்கும் அவர் செய்தது இதைத்தான் என்பது இப்போதுதான் புரிகிறது.

அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையின் முதல் வரி, ‘இந்தச் சொல்லை எழுதியது நான்’ என்பது. அதற்குக் கீழே அவர் பெயர். முதலாளி ராஜினாமா எழுதச் சொன்னார். சொந்தக் காரணம் என்று போட்டுக்கொள்ளச் சொன்னார். "சொந்தக் காரணம் எதுவும் இல்லையே சார்" என்றவர், தன் பிழையைத் தானே எழுதிக் கொடுத்ததால் போகச் சொன்னதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். போவதற்கு முந்தின நாள் வரை உட்கார்ந்து எல்லாப் போர்டுகளையும் மாற்றினார். இப்போது அந்த நிலைமை வந்தால் லிஃப்ட் அந்த இடத்திலேயே நிற்கும். திரையில் என்ன காட்ட வேண்டும் என்பதை அவர் ஆபீசில் யாரையும் கேட்கவில்லை. மஞ்சண்ணாவுக்கு போன் போட்டு, "நீங்களா இருந்தா எப்படி சொல்லுவீங்க?" என்று கேட்டு, அவர் சொன்னபடியே கன்னடத்தில் போட்டார். கேட் கெட்டிருக்கிறது, ஓட்டாதீர்கள்.

ஏழுமலையின் நஷ்டஈட்டு விசாரணையில் குடோன்காரர்களின் வக்கீல் சொன்னது இதுதான். மஞ்சண்ணாவின் நோட்டு விபத்துக்குப் பிறகு உட்கார்ந்து எழுதியது. மூன்று வாரத்துக்கு முன் சர்வீஸ் தாளில் ஓகே என்று இருக்கிறது. கம்பெனி ஆளே ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஆகவே மெஷின் நன்றாகத்தான் இருந்தது. கடைசி இரண்டு நாள் ஏழுமலை கேட்டில் கட்டை செருகியதால்தான் கெட்டது. ஏழுமலை அப்படிச் செய்யவில்லை என்று சொன்னார். அவர் பக்கம் அவர் வார்த்தையைத் தவிர வேறொன்றும் இல்லை. விபத்துக்கு முன்பே அந்தச் சொல்லைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவரின் நோட்டை நம்பவில்லை. இன்னொருவன் நான்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டு, ஏதாவது பார்த்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். முன் வரிசையில் முதலாளி. பின்னால் எங்கேயோ மேடம், தானாகவே வந்திருந்தார். ஏழுமலை சுவரோரம் பாதம் இல்லாத காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றும் இல்லை. நான் யார் என்பதே அவருக்குத் தெரியாது.

"நெனபில்லா சார்" என்றேன். ஞாபகமில்லை.

பாதிக் குற்றம் ஏழுமலை மேல் என்று தீர்ப்பானது. அவருக்குச் சேர வேண்டியது பாதியானது மட்டுமல்ல. கட்டை செருகித் தன் காலைத் தானே கெடுத்துக்கொண்டவன் என்ற பெயரும் நின்றது. அந்தப் பெயரோடு சிவாஜிநகரில் அவரை வேறு எந்தக் குடோனிலும் வாட்ச்மேன் வேலைக்குக்கூட எடுக்கவில்லை என்று மஞ்சண்ணா சொன்னார்.

மேடத்தை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். போன வருஷம், சிட்டி ஸ்டேஷனில், தங்கவயல் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார். ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

"அண்ணா. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் மேடம்."

அதை அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேறு கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார். சம்பளம் குறைவு. தோள்பட்டை வலி இப்போது இரண்டு பக்கமும். பிறகு, "ஏழுமலை எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"மேல்முறையீடு போட்டிருக்காங்களாம். இன்னும் நடக்குது."

"அப்ப ஃபைல் மூடல."

"மூடல மேடம்."

"நீங்க சொன்ன வரி அப்படியே இருக்குதுணா" என்றார். குத்திக் காட்டவில்லை. இந்த வண்டி நாலாவது பிளாட்பாரத்தில் வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். "கீழ எழுத எடம் இருக்குது." வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அவரை நினைத்தால் இப்போதும் எனக்கு முழுக்க அன்பு வருவதில்லை. பயமும் வருகிறது. ‘வராது’ என்று எழுதியது அவர் தப்பு, அதைப் பார்த்துச் சிரித்தது என் தப்பு. அவருடையது முதல் வரியில் பெயரோடு இருக்கிறது. என்னுடையது மூன்று வருஷமாக எங்கேயும் இல்லை. பெரியவளே, உன் புரோகிராமில் அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. உன் டீச்சரைக் கேள். வராது என்று மட்டும் எழுதாதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த வேலை போகலாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள், நானே சொல்கிறேன்.

நேற்று அரைநாள் லீவு போட்டுத் தனியாக, விசாரணை நடந்த அந்த ஆபீசுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம், ஜன்னலில் யாரும் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளைத் தாளில் எழுதினேன். விசாரணையில் ஞாபகமில்லை என்று சொன்னவன் நான்தான் என்பதை முதலில் எழுதினேன். விபத்துக்கு மூன்று வாரத்துக்கு முன், பகல் பதினொன்று நாற்பதுக்கு, அந்தத் திரையில் அந்தச் சொல் இருந்தது, பார்த்தேன் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூட ஏழுமலைக்குப் போதும். அடுத்த சொல்லை எழுத வெகுநேரம் ஆயிற்று. கிளார்க் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்ன வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். சிரித்தேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஜன்னலுக்குள் நீட்டினேன்.